எங்கள் ஊர்ப் புரோட்டா

சங்கரன்கோவிலைப் பற்றி எழுத உட்காருகிறவன் கோயிலிலிருந்துதான் தொடங்க வேண்டும். சங்கரனும் நாராயணனும் ஒரே திருமேனியில் பாதிப் பாதியாக நிற்கிற சந்நிதி, கோமதியம்மன், புற்றுமண் பிரசாதம், ஆடித்தபசு - இவற்றையெல்லாம் விட்டுவிட்டு ஒருவன் எங்கள் ஊரைப் பற்றி நாலு பக்கம் எழுதினான் என்றால் ஊர்க்காரர்கள் அவனைச் சும்மா விடமாட்டார்கள். ஆகையால் கோயில் வாசலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ரதவீதியைத் தாண்டி, பஸ் நிற்கும் பக்கமாக நடக்கிறேன். நான் சொல்ல வந்தது ராத்திரிச் சமாசாரம். கோயில் நடை சாத்துகிற நேரத்துக்குத்தான் அது மும்முரப்படும்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் பர்கர், பர்கர் என்கிறார்கள். ரொட்டியை இரண்டாகப் பிளந்து, நடுவில் இறைச்சியை வைத்து, கையால் பிடித்துத் தின்கிற பண்டம். ஜெர்மனியில் ஹாம்பர்க் என்ற துறைமுகத்தின் பெயரைச் சுமந்துகொண்டு அமெரிக்காவில் ஆளாகி, இன்று திருநெல்வேலி வரைக்கும் வந்துவிட்டது. என் பேத்தி ஒரு நாள் கேட்டாள்: "தாத்தா, நீங்க சின்னப் பிள்ளையா இருக்கும்போது உங்க ஊர்ல பர்கர் உண்டா?"

"உண்டே! அதுக்குப் பேர் முட்டைப் புரோட்டா" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அதுவும் மாவு, இதுவும் மாவு. அதுவும் துறைமுகம் வழியாக வந்தது, இதுவும் அப்படியே. உழைத்துக் களைத்தவன் பையில் கொஞ்சம் சில்லறையோடு தெருவில் நின்று வாங்கித் தின்ன ஏற்பட்டதுதான் இரண்டும். பர்கரின் சரித்திரத்தை எழுத அமெரிக்காவில் ஆள் இருக்கிறது. புரோட்டாவின் சரித்திரத்தை எழுத எங்கள் தாலுகாவில் யாரும் முன்வந்ததாகத் தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவுவதோடு சரி.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். எழுத்தில் பரோட்டா என்றும், பேச்சில் புரோட்டா என்றும், பலகையில் எழுதுகிறவரின் மனோதர்மப்படி வேறு பலவிதமாகவும் இது நடமாடுகிறது. எங்கள் ஊரில் புரோட்டாதான். தமிழாசிரியர் ஒருவர் பரோட்டா என்று திருத்திச் சொல்லிக் கேட்டால், கடைக்காரர் அவரை வெளியூர் என்று எண்ணிவிடுவார்.

புரோட்டாவை அறியாத தமிழர் இன்று இல்லை. ஆனால் அது போடப்படுகிற விதத்தை நின்று கவனித்தவர்கள் சொற்பம். பசி அப்படி. நான் பையனாக இருந்தபோது கவனிப்பதற்கென்றே போவேன். மைதா, உப்பு, தண்ணீர், எண்ணெய், கடைக்குக் கடை மாறுபடுகிற இன்னும் ஏதோ ஒரு கைச்சரக்கு. மத்தியானமே பிசைந்து, உருட்டி, எண்ணெய் தடவி, ஈரத்துணியால் மூடி வைத்துவிடுவார்கள். அந்த ஊறுகிற நேரத்தில்தான் விஷயமே இருக்கிறது. கோதுமையின் தவிட்டை நீக்கிவிட்டால் மிஞ்சுகிற வெள்ளை மாவில் ஒரு பசைச் சத்து உண்டு. தவிடு இருந்தால் அது அந்தப் பசையின் இழைகளை ஆங்காங்கே அறுத்துவிடும். தவிடு போன மாவு ஊற ஊற, ரப்பர் போல இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும். அதனால்தான் முழுக்கோதுமையில் சப்பாத்தி வரும், வீச்சு வராது.

சாயங்காலம் விளக்கு வைத்ததும் மாஸ்டர் பலகைக்கு முன்னால் நிற்பார். உருண்டையை உள்ளங்கையால் அழுத்தி, விளிம்பைப் பிடித்து, வலை வீசுகிற செம்படவனைப் போல ஒரு வீச்சு. திருப்பி இன்னொரு வீச்சு. மூன்றாவது வீச்சில் அது கண்ணாடி மாதிரி ஆகி, பின்னால் எரிகிற விளக்கு அதன் வழியாகத் தெரியும். பிறகு அதைக் கொசுவம் போலச் சுருக்கி, நத்தையாகச் சுற்றி, அடுக்கி வைப்பார். இன்னொருவர் அவற்றைத் தட்டையாக்கிக் கல்லில் போடுவார். வெந்தவற்றை ஐந்தாறு சேர்த்து நிறுத்தி, இரண்டு கையாலும் பக்கத்திலிருந்து ஓங்கித் தட்டுகிறபோதுதான் மடிப்புகள் விரியும். கையில் சுடாதா என்று ஒரு தரம் கேட்டேன். "சுட்டா தட்ட முடியுமா தம்பி?" என்றார். இன்று வரைக்கும் அந்தப் பதிலுக்கு எனக்குச் சரியாக அர்த்தம் விளங்கவில்லை.

சால்னா வேறு தத்துவம். இந்துஸ்தானியில் 'சாலன்' என்றால் குழம்பு. அந்தச் சொல்தான் எங்கள் பக்கம் சால்னா ஆயிற்று. கறிக்குழம்பு என்று அதைச் சொன்னால் வீட்டுப் பெண்களுக்குக் கோபம் வரும். கறிக்குழம்பில் கறி இருக்கும். சால்னாவில் கறியின் நினைவு இருக்கும். எலும்பும், வெங்காயமும், சோம்பும், தேங்காயும் கொதித்து இறங்கிய அந்த மெல்லிய ரசத்தைப் பிய்த்துப் போட்ட புரோட்டாவின் தலையில் கரண்டி கரண்டியாக ஊற்றுவார்கள். அதற்குத் தனிக் காசு கிடையாது. காசில்லாத பொருள் என்பதால்தான் அதன் பேரில் அத்தனை தகராறு. "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்பதற்கும், "எத்தனை தரம்வே ஊத்துறது?" என்பதற்கும் நடுவில்தான் எங்கள் ஊரின் இரவுப் பேச்சில் பாதி நடந்தது.

நான் சொல்லுகிறது 1960களின் நடுப்பகுதி. எங்கள் வீடு நெசவாளர் தெருவில். பகல் முழுவதும் தறிச் சத்தம். வாரக் கடைசியில் கூலிப் பணம் கைக்கு வந்தால் தெருவே கொஞ்சம் நிமிர்ந்து நடக்கும். அன்றைக்கு அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு ராவுத்தர் மாமா கடைக்குப் போவார். அவர் எங்களுக்கு உறவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் மாமா, மாப்பிள்ளை என்று முறை வைத்தே கூப்பிடுவார்கள். கடை என்றால் பெரிய கட்டிடம் ஒன்றும் இல்லை. முன்னால் கல், பக்கத்தில் விறகு, உள்ளே இரண்டு நீளப் பெஞ்சு, அதற்குத் தக்க மேஜை, ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு. புரோட்டா பத்துப் பைசா. எனக்கு இரண்டு, அப்பாவுக்கு நாலு. அப்பா தமது நாலில் ஒன்றை எனக்குத் தள்ளுவார். நான் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவேன்.

ராவுத்தர் மாமா வாலிபத்தில் பினாங்கில் இருந்தவர். அதை அவர் சொல்லாத நாள் இல்லை. எங்கள் பிராந்தியத்தில் இது ஓர் அதிசயமும் அல்ல. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சிங்கப்பூருக்கும் மலாய் நாட்டுக்கும் கப்பலேறிப் போயிருக்கின்றன. சிங்கப்பூரில் இன்றும் அந்த ஊர்ப் பெயர்களிலேயே அவர்களுக்குச் சங்கங்கள் உண்டு. கரிசல் மண்ணில் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் கப்பல்தான் கதி. ஒருவன் கொழும்புக்கு, ஒருவன் ரங்கூனுக்கு, ஒருவன் பினாங்குக்கு. 1927-இல் விருதுநகரிலிருந்து தென்காசிக்கு எங்கள் ஊர் வழியாக ரயில் வந்த பிறகு, துறைமுகத்துக்குப் போகிற வழியும் சுலபமாயிற்று.

போன இடங்களிலெல்லாம் இந்தப் பண்டம் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். சிங்கப்பூரில் அதன் பெயர் ரொட்டி பிராட்டா. மலேசியாவில் ரொட்டி சனாய். பர்மாவில் பலாத்தா. இலங்கையில் அதைக் கொத்திக் கொத்து ரொட்டி. இந்தியக் கூலிகள் கரும்புத் தோட்டத்துக்குப் போன மொரீஷியஸில் பராட்டா என்று ஒன்று. மேற்கிந்தியத் தீவான டிரினிடாடிலும் அதன் தாயாதி ஒன்று உண்டு. வடஇந்தியப் பராட்டாவிலிருந்து பிறந்த பெயர்கள்தான் இவற்றில் பல. ஆனால் வடக்கே அது முழுக்கோதுமை மாவைக் கட்டையால் தேய்த்து நெய்யில் சுடுகிற வீட்டுப் பலகாரம். மைதாவை வீசி, எண்ணெயில் குளிப்பாட்டி, குழம்பில் முக்கித் தின்கிற கடைப் பலகாரமாக அது உருமாறியது வங்காள விரிகுடாவின் கரைகளில், கப்பலில் வந்து இறங்கிய தனி ஆண்களுக்குச் சோறு போட்ட கடைகளில். வீட்டில் சமைக்க ஆள் இல்லாதவன், ராத்திரி வேலை முடித்து வருகிறவன், வயிறு நிறைய வேண்டும், விலை குறைவாக இருக்க வேண்டும் என்கிறவன் - இவனுக்காக ஏற்பட்ட ஆகாரம் அது. அதனால்தான் எங்கள் பக்கத்தில் புரோட்டாவின் நேரம் ராத்திரியாகவே இருக்கிறது. தூத்துக்குடித் துறைமுகத்தில் புரோட்டாக் கடைக்கு 'நைட் கிளப்' என்றே பெயர். வெளியூர்க்காரர் யாராவது நைட் கிளப் என்று கேட்டு, வேறு எதையோ எதிர்பார்த்துப் போய், சால்னா குடித்துவிட்டுத் திரும்பியிருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

ராவுத்தர் மாமா பண்டிகைக் காலங்களில் மட்டும் ஒன்று செய்வார். வீசி மெல்லிசாக்கிய மாவைக் கல்லில் விரித்து, நடுவில் முட்டையும் வெங்காயமும் கொத்திய கறியும் போட்டு, நாலு பக்கமும் கடிதக் கவர் போல மடித்துச் சுடுவார். சிலோன் புரோட்டா என்று ஒரு கடையிலும், முட்டைப் புரோட்டா என்று இன்னொரு கடையிலும் சொல்வார்கள். அவர் அதை முர்த்தபா என்பார். அரபு மொழியில் 'முதப்பக்' என்றால் மடித்தது என்று பொருள். ஏமனிலும் ஹிஜாஸிலும் சுடுகிற அதே சதுரம், மலாய் நாட்டில் முர்த்தபாவாகி, பினாங்கு வழியாக எங்கள் ரதவீதிப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. பேத்திக்கு நான் காட்டிய பர்கர் இதுதான். கையில் பிடித்துக் கடிக்கலாம். சட்டையில் எண்ணெய் ஒழுகினால் வீட்டில் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் சொன்னால், 'பினாங்கு போய் வந்தவர்கள் கொண்டுவந்தார்கள், கதை முடிந்தது' என்று தோன்றும். அப்படி முடியவில்லை. போய் வந்தவர்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள். கைத்திறன் மட்டும் வந்தால் போதுமா? மாவு வேண்டாமா?

கோதுமை எங்கள் பக்கத்து மண்ணின் பயிர் அல்ல. ஆடித்தபசன்று அம்மன் சப்பரத்தின் மேல் குடியானவர்கள் தங்கள் நிலத்தில் விளைந்ததை வாரி வீசுவார்கள். பருத்தி விழும், மிளகாய் வத்தல் விழும். கோதுமை விழுந்து யாரும் பார்த்ததில்லை. வீட்டில் பகல் உணவு கம்பும் சோளமும் குதிரைவாலியும். நெல்லுச்சோறு நல்ல நாளுக்கு. கோதுமை என்றால் காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்குக் கஞ்சி, நீரிழிவுக்காரனுக்குப் பத்தியம். ஆரோக்கியமானவன் கோதுமை சாப்பிட்டால், உடம்புக்கு என்ன என்று பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள்.

அந்த நிலையை மாற்றியது பஞ்சமும் யுத்தமும். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. அதோடு பர்மா அரிசி நின்றது. 1943-இல் சென்னையில் ரேஷன் வந்தது. ராஜாஜி 1952-இல் முதல்மந்திரியாக வந்து உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தபோது ஜனங்கள் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் தேசத்தில் தானியப் பற்றாக்குறை தீரவில்லை. அமெரிக்காவில் தானியம் வைக்க இடமில்லாமல் இருந்தது. 1954-இல் அவர்கள் 480-ஆவது பொதுச் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். உபரித் தானியத்தை ஏழை நாடுகளுக்கு அந்தந்த நாட்டுப் பணத்துக்கே கொடுப்பது என்று ஏற்பாடு. 1956-இல் நம் சர்க்கார் அதில் கையெழுத்துப் போட்டது. 1960 மே மாதம் இன்னொரு பெரிய ஒப்பந்தம். நாலு வருஷத்தில் 1 கோடியே 60 லட்சம் டன் கோதுமை, 10 லட்சம் டன் அரிசி. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதினாறு பங்கு கோதுமைக்கு ஒரு பங்கு அரிசி. அரிசி தின்கிறவனுடைய தலையெழுத்து அந்தக் காகிதத்திலேயே இருக்கிறது. 1965-லும் 1966-லும் அடுத்தடுத்து மழை தவறியது. 1966-இல் மட்டும் வெளிநாட்டிலிருந்து ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியம் வந்து இறங்கிற்று.

இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்தது. பையனாக எனக்குத் தெரிந்தது வேறு. பள்ளிக்கூடத்து மத்தியான உணவில் சோற்றுக்குப் பதிலாக ஒரு நாள் கோதுமை ரவை வந்தது. அது வந்த சாக்கில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற படம் போட்டிருந்தது. காலியான சாக்கு சில வீடுகளில் பையன்களுக்குக் கால்சட்டையாகும். அப்போது அந்தக் கைகள் எந்த இடத்தில் வந்து அமரும் என்பது தையல்காரரின் சித்தம். சாஸ்திரி பிரதம மந்திரியாக இருந்தபோது திங்கட்கிழமை ராத்திரி ஒரு வேளை உணவை விடும்படி கேட்டுக்கொண்டார். ஓட்டல்கள் அன்று ராத்திரி அடைத்தன. அரிசிக் கடைக்கு முன்னால் வரிசை. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சு எங்கள் தெருவில் எப்படி எடுபட்டது என்பதை, அந்த வரிசையில் நின்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த வருஷங்களில்தான் ராவுத்தர் மாமா கடையில் இரண்டு பெஞ்சு நாலு பெஞ்சாயிற்று. பட்டணத்து ஆலைகள் கோதுமையை அரைத்துத் தள்ளின. மைதா மூட்டை எங்கள் ஊர்க் கடைத்தெருவரைக்கும் வந்தது. அரிசிக்குக் காத்திருந்த ஊர், காத்திருக்கிற நேரத்தில் புரோட்டா தின்றது. அதே சமயத்தில் கடல் கடந்து போனவர்களும் திரும்பி வந்தார்கள். 1964-இல் பர்மாவில் கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டது. அதே வருஷம் அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் செய்த ஒப்பந்தப்படி, இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று ஆயிற்று. வீடும் நிலமும் விட்டு வந்தவர்களிடம் மிச்சம் இருந்தது கைத்தொழில். சிலர் கல் போட்டார்கள். கோதுமை ஒரு கப்பலில், அதை வீசத் தெரிந்த கை இன்னொரு கப்பலில். இரண்டும் சந்தித்த இடம் எங்களைப் போன்ற சிற்றூர்கள். பாதி சங்கரனும் பாதி நாராயணனுமாக நிற்கிற சாமியைக் கும்பிடுகிற ஊருக்கு, பாதி அமெரிக்காவும் பாதி பினாங்குமாக ஓர் ஆகாரம் கிடைத்ததில் பொருத்தம் இல்லாமலில்லை.

பெஞ்சைப் பற்றிச் சொன்னேன். அதைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப்படுவது அந்தப் பெஞ்சுதான்.

ஒரு காலத்தில் இந்த மாகாணத்து ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டுக் கூடங்களில் பிராமணருக்கு ஓர் இடம், மற்றவர்களுக்கு ஓர் இடம். அது 1941-இல்தான் ஒழிந்தது. ஓட்டல் பலகைகளில் 'பிராமணாள்' என்ற சொல் அதற்குப் பிறகும் வெகுகாலம் இருந்தது. 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே வாசலில் பெரியார் அதற்காக மறியல் நடத்த வேண்டியிருந்தது. தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955-இல் வந்து, ஓட்டலுக்குள் ஒருவனை விடமாட்டேன் என்று சொல்வது குற்றம் என்றது. சட்டம் சொன்னது. ஆனால் எங்கள் பக்கத்துக் கிராமத்து டீக்கடைகளில் இரண்டு வகை டம்ளர் அதற்குப் பிறகும் ஆணியில் தொங்கியதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ராவுத்தர் மாமா கடையில் ஒரு வகை இலைதான். நீளப் பெஞ்சில் முன்னால் வந்தவன் முன்னால் உட்காருவான். தறி நெய்கிறவர், வண்டி ஓட்டுகிறவர், மூட்டை தூக்குகிறவர், பருத்தித் தரகர், செருப்புத் தைக்கிறவர். பக்கத்தில் இருக்கிறவன் யார் என்று பார்த்து எழுந்து போக வேண்டுமானால் போகலாம். ஆனால் அதற்குள் இலையில் சால்னா ஊற்றிவிடுவார்கள். சால்னா ஊற்றிய இலையை விட்டு எழுந்து போகிற வைராக்கியம் எங்கள் ஊரில் யாருக்கும் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அப்பா ஒரு நாள், வீட்டுத் திண்ணையில் ஏற்றாத ஒருவரோடு தோளிடிக்க உட்கார்ந்து சாப்பிட்டார். வீட்டுக்கு வந்து அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் அப்படி ஒன்றும் சீர்திருத்தக்காரர் அல்ல. மறுநாள் அதே மனிதர் தெருவில் வந்தபோது, "என்ன, நேத்து நாலா அஞ்சா?" என்று கேட்டார். அவ்வளவுதான். திண்ணையில் ஏறுவதற்கு இன்னும் பல வருஷம் ஆயிற்று.

இதைக் கொண்டு புரோட்டா சாதியை ஒழித்தது என்று நான் எழுதினால், எங்கள் ஜில்லாவைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஒழிக்கவில்லை. பிற்காலத்தில் அதே வட்டாரத்தில் நடந்த கலவரங்களை எல்லோரும் அறிவார்கள். ஆனால் ஊரில் வேறு எங்கும் இல்லாத ஓர் இடம், ராத்திரி ஏழு மணியிலிருந்து பதினொரு மணி வரைக்கும் அங்கே இருந்தது. கோயில் தராததை, பள்ளிக்கூடம் பாதி மட்டும் தந்ததை, அந்த எண்ணெய்ப் பெஞ்சு தந்தது. மைதாவுக்கு இந்த ஊரில் பூர்வ சரித்திரம் இல்லை. சோற்றுக்கு ஆயிரம் வருஷத்துச் சம்பிரதாயம். யார் சமைக்கலாம், யார் பரிமாறலாம், யாருக்கு எந்தப் பந்தி என்று எல்லாம் விதித்திருக்கிறது. புரோட்டாவைப் பற்றி எந்தச் சம்பிரதாயமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எல்லைகளைப் பற்றிப் பேசுகிறபோது தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் இருக்கிற பிரானூரைச் சொல்லாமல் விடலாகாது. 'பார்டர் புரோட்டா' என்று இன்று தமிழ்நாடு முழுவதும் பெயர் போட்டிருக்கிறதே, அந்தப் பார்டர் இதுதான். குற்றாலத்துக்கு வருகிற ஜனங்கள், கேரள எல்லை பக்கத்தில்தான் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு சாப்பிடுகிறார்கள். கேரள எல்லை அங்கிருந்து மலையேறிப் புளியரைக்கு அப்பால் இருக்கிறது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கத்துச் சீமை. அந்தப் பழைய எல்லைதான் பிரானூர். சீமை மாறி, எல்லை மலைக்கு மேலே போய் ஏழு தலைமுறை ஆகவில்லை, எழுபது வருஷம்தான். ஆயினும் எல்லையை நினைவு வைத்திருப்பது சர்வே இலாகாவைத் தவிர, புரோட்டாக் கடை ஒன்றுதான். விருதுநகருக்குப் போனால் எண்ணெயிலேயே பொரித்தெடுக்கிறார்கள். எண்ணெய் வியாபாரத்தில் வளர்ந்த ஊர் வேறு எப்படிச் சுடும்? மதுரையில் பன் போல உப்ப வைக்கிறார்கள். எங்கள் ஊர்ப் புரோட்டா இந்த மூன்றுக்கும் நடுவே, அடக்கமாக, உள்ளங்கை அகலத்தில் இருந்தது. இருந்தது என்கிறேன். இப்போது வெளியூர்க்காரர்கள் சங்கரன்கோவில் என்றால் பிரியாணி என்கிறார்கள். சொல்லட்டும். பிரியாணி நல்ல பண்டந்தான். ஆனால் அதற்கு அரிசி வேண்டும், கறி வேண்டும், கையில் நிறையப் பணம் வேண்டும். அது செழிப்பான காலத்தின் பெருமை.

மைதா உடம்புக்கு ஆகாது என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். தவிடும் முளையும் போன மாவில் சத்து குறைவு என்பதில் சந்தேகம் இல்லை. புரோட்டா நமது பாரம்பரிய உணவை அழித்துவிட்டது என்று சிலர் மேடையில் பேசுவதுதான் எனக்குச் சம்மதமில்லை. கம்பும் குதிரைவாலியும் போனதற்குப் புரோட்டாவைக் குற்றம் சொல்லாதீர்கள். விலை குறைந்த அரிசி வந்ததும் அவற்றை நாமே கைவிட்டோம். சட்டத்துக்குங்கூட புரோட்டா பிடிபடவில்லை. 2020-இல் கர்நாடகத்தில் வரி அதிகாரிகள், ரொட்டி வேறு, பாக்கெட்டில் வருகிற புரோட்டா வேறு என்று தீர்ப்புச் சொல்லி, ரொட்டிக்கு 5 சதவிகிதமும் புரோட்டாவுக்கு 18 சதவிகிதமும் வரி என்றார்கள். தேசமே சிரித்தது. 2025 செப்டம்பரில் இரண்டுக்கும் வரியே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். எண்பது வருஷம் இந்த மண்ணில் உழைத்த பிறகு அதற்கு ரொட்டி ஜாதியில் இடம் கிடைத்தது.

பெஞ்சில் எல்லோரும் உட்கார்ந்தார்கள் என்று எழுதினேன். எல்லோரும் என்றால் ஆண்கள். எங்கள் தெருப் பெண்கள் யாரும் ராவுத்தர் மாமா கடையின் உட்புறத்தைப் பார்த்ததில்லை. அம்மாவுக்குப் புரோட்டா தூக்குவாளியில்தான் வரும். வாளியில் சால்னா, மேலே வாழையிலையில் சுற்றிய புரோட்டா. அதைத் தூக்கி வருகிறது என் உத்தியோகம். "என்ன தம்பி, அம்மாவுக்கா?" என்று கேட்டு மாமா ஒரு கரண்டி அதிகமாக ஊற்றுவார். அம்மா அதை அன்றைக்குச் சாப்பிடமாட்டாள். எல்லோரும் சாப்பிட்டு மிச்சம் இருந்தால், சால்னாவில் ஊறப் போட்டு வைத்து, மறுநாள் காலையில் தறியில் உட்காரும் முன்னே அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுவாள். மிச்சம் இல்லாத நாட்களும் உண்டு. பகல் முழுவதும் அப்பாவோடு சரிக்குச் சரி நூல் சுற்றியவள், பாவு போட்டவள் அவள். கூலி கணக்கில் அவள் பெயர் கிடையாது. பெஞ்சிலும் அப்படித்தான்.

1980களில் கடைகளில் 'குடும்பத்தினருக்குத் தனி அறை' என்று எழுதிப் போட ஆரம்பித்தார்கள். தட்டி வைத்து மறைத்த ஒரு மூலை, அதற்கு ஒரு திரை. அப்பா காலமான பிறகு வந்த ஓர் ஆடித்தபசு. காட்சி முடிந்து கூட்டம் கலைய ராத்திரி வெகு நேரமாயிற்று. வீட்டில் உலை வைக்கிற நேரம் தாண்டிவிட்டது. நான் அம்மாவை ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ராவுத்தர் மாமாவின் கடை அப்போது இல்லை, வேறு கடை. அம்மா திரைக்குள் போகவில்லை. கல்லுக்கு முன்னால் நின்றுவிட்டாள். மாஸ்டர் வீசுகிறதையும், சுற்றுகிறதையும், கைதட்டுகிற மாதிரி தட்டுகிறதையும் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இம்புட்டு எண்ணெயா ஊத்துதான்? அதான் உங்கப்பா சட்டையில கறையே போகாது" என்றாள்.

பிறகு பெஞ்சின் ஓரத்தில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு சாப்பிட்டாள். சால்னா இன்னும் வேண்டுமா என்று பையன் கேட்டதற்கு, கேட்டவனையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஊத்து" என்றாள். எழுந்திருக்கும்போது, "ரெண்டு பார்சல் கட்டச் சொல்லு" என்றாள்.

வீட்டில் எங்கள் இருவரைத் தவிர அப்போது யாரும் இல்லை. "யாருக்கும்மா?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான். காலையில ஊறினாத்தான் எனக்குப் பிடிக்கும்."